இறக்கத்தில் நோகும் முழங்கால்: வாசகர் கேள்வி பதில்

முழங்கால் வலியோடு விளையாட்டையும் உடற்பயிற்சியையும் தொடர்வது பற்றி கேள்விகளை எழுதி அனுப்பும்படி வாசகர்களிடம் சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களை அடுக்கி வைத்து வாசித்தபோது, எழுதியவர் பாடசாலை மாணவியாக இருந்தாலும் கொழுந்து பறிக்கும் தாயாரின் மகளாக இருந்தாலும், ‘இறங்கும்போது’ என்ற சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. சமவெளியில் இயன்மருத்துவம் படித்துவிட்டு மலைக்கு வேலைக்கு வந்த எனக்கு அந்தச் சொல்லின் கனம் விளங்கச் சில காலம் எடுத்தது. நாங்கள் படித்த பயிற்சி அட்டவணைகள் எல்லாம் சமதரையில் நடப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

கேள்வி: ஹட்டனுக்கு அருகே தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன், வயது 41. சில மாதங்களாகக் காலை ஐந்து மணிக்கு வீட்டிலிருந்து தேயிலைத் தொழிற்சாலை வரை இறங்கி ஓடி, திரும்ப ஏறி வருகிறேன். போக வர 5 கிலோமீற்றராக இருந்ததைச் சென்ற மாதம் 8 ஆக்கினேன். இப்போது முழங்காற் சில்லைச் சுற்றி வலிக்கிறது. படி இறங்கும்போதும், கொழும்பு பஸ்ஸில் நெடுநேரம் இருந்துவிட்டு எழும்பும்போதும் வலி கூடுதலாக இருக்கிறது. அடிபடவில்லை, வீக்கமும் இல்லை. ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். நிறுத்திவிடட்டுமா?

பதில்: ஓட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் அதே பாதையில் அதே அளவில் தொடரவும் கூடாது.

அடிபடாமலும் வீக்கமில்லாமலும் வருகிற வலி, காலை மடித்து நெடுநேரம் இருந்து எழும்பும்போது பிடித்துக்கொள்வதாகவும் படி இறங்கும்போது மிகுவதாகவும் இருந்தால், முழங்காற் சில்லுக்கும் அதன் பின்னாலுள்ள தொடை எலும்புக்கும் இடையில் விழும் சுமை, அந்த மூட்டுக்குப் பழக்கமான அளவைத் தாண்டிவிட்டது என்றே பெரும்பாலும் பொருள். ஓடுபவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் முழங்கால் வலி இதுதான். உள்ளே ஏதோ கிழிந்துவிட்டது என்று அஞ்ச வேண்டாம்.

இறக்கம் ஏன் இவ்வளவு படுத்துகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. இறங்கும்போதோ, அதே தசை நீண்டுகொண்டே உடலைக் கீழே விழாமல் பிடித்து வைக்கிறது. கொழுந்து ஏற்றிய லொறியைச் சாரதி சிறிய கியரில் போட்டு இறக்குவதைப் போன்ற வேலை அது. பெர்லின் ஆய்வாளர்கள் அளவிடும் கருவி பொருத்திய செயற்கை முழங்கால்களை நோயாளிகளுக்கு வைத்து, மூட்டுக்குள் விழும் விசையை நேரடியாக அளந்து 2010 இல் வெளியிட்டார்கள். சமதரை நடையில் அது உடல் எடையின் ஏறத்தாழ 2.6 மடங்கு; படி ஏறும்போது 3.2 மடங்கு, படி இறங்கும்போது 3.5 மடங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் லயத்துப் படியில் சாதாரணமாக இறங்கினாலே, ஒவ்வோர் அடியிலும் 200 கிலோவுக்கு மேற்பட்ட சுமையை முழங்கால் தாங்குகிறது. ஓடி இறங்கினால் அது இன்னும் கூடும்.

இப்போது உங்கள் பாதையைப் பாருங்கள். விடியற்காலைக் குளிரில், உடல் சூடேறுவதற்கு முன்பே, மிகக் கடினமான பகுதியான இறக்கத்தை நீங்கள் ஓடி முடித்துவிடுகிறீர்கள். போதாக்குறைக்கு ஒரே மாதத்தில் தூரம் 5 இலிருந்து 8 ஆகியிருக்கிறது. ஆகவே அடுத்த ஆறு கிழமைகளுக்குத் தொழிற்சாலை வரை நடந்து இறங்குங்கள், திரும்பி வரும் ஏற்றத்தை மட்டும் ஓடுங்கள். மூச்சு வாங்கும், நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் வேண்டிய பயிற்சி முழுமையாகக் கிடைக்கும், முழங்காலோ இளைப்பாறும். மலையில் வாழ்வதன் இந்த அனுகூலம் கொழும்பில் காலிமுகத்திடலில் ஓடுபவருக்குக் கிடைப்பதில்லை. வலி தணிந்த பின்னர், சரிவு குறைந்த துண்டு ஒன்றைத் தெரிந்தெடுத்து 200 மீற்றர், 400 மீற்றர் என்று இறக்க ஓட்டத்தைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

எவ்வளவு வலியோடு ஓடலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. வலியே இல்லாததை 0 என்றும், தாங்கவே முடியாததை 10 என்றும் வைத்துக்கொண்டால், ஓடும்போது 3 வரை இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தீர்ப்பைச் சொல்வது மறுநாள் காலைதான். படுக்கையிலிருந்து எழுந்து வாசற்படியில் இறங்கும் அந்த முதல் அடியில், முந்தின நாள் காலையில் இருந்ததைவிட வலி கூடியிருந்தால், நேற்று ஓடியது அதிகம். கூடவில்லையென்றால் அந்த அளவு உங்களுக்குச் சரி. ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தில் தூரத்தையும் மறுநாள் எண்ணையும் எழுதி வாருங்கள். இரண்டு கிழமைகளில் உங்கள் முழங்காலைப் பற்றி என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்கும்.

குறைப்பது பாதி வேலை. தசையை வலுப்படுத்துவது மறுபாதி. பாடசாலை வராந்தாவின் கடைசிப் படியில் ஒரு காலில் நின்று, மற்றக் குதிகால் தரையை மெல்லத் தொடும் வரை மூன்று எண்ணி இறங்கி, அதே காலால் மேலே வாருங்கள். அப்போது முழங்கால் உட்புறமாகச் சாய்கிறதா என்று ஒரு கண்ணாடியிலோ கைபேசியிலோ பார்த்துக்கொள்ளுங்கள். சாய்ந்தால், இடுப்பின் பக்கத்திலுள்ள பிட்டத் தசை சோர்ந்திருக்கிறது. ஒருக்களித்துப் படுத்து மேற்காலை நேராக உயர்த்தி இறக்கும் பயிற்சி அதற்கானது. இவற்றோடு கதிரையிலிருந்து கைகொடுக்காமல் எழுந்து மெல்ல அமர்வதையும் சேர்த்து, பத்துப் பத்தாக மூன்று சுற்று, கிழமைக்கு மூன்று நாட்கள் செய்யுங்கள். பலன் தெரிய ஆறு கிழமைகளும், நிலைக்கப் பன்னிரண்டு கிழமைகளும் ஆகும். பத்து நாளில் விட்டுவிட்டு ‘பயிற்சி சரிவரவில்லை’ என்று வருகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு உத்தி: ஒரு நிமிடத்தில் எத்தனை அடிகள் வைக்கிறீர்கள் என்று எண்ணிப் பார்த்து, வேகத்தைக் கூட்டாமல் அந்த எண்ணிக்கையை மட்டும் 5 முதல் 10 வீதம் வரை உயர்த்துங்கள். 160 அடி வைப்பவர் 170 அடி வைத்தால், அடி குறுகி, பாதம் உடலுக்குக் கிட்ட விழுந்து, சில்லின் மேல் விழும் சுமை குறைகிறது.

மூட்டு தேய்ந்துவிடும் என்ற பயத்துக்கு வருகிறேன். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017 இல் வெளியான ஒரு கட்டுரையில், இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 வீதத்தினருக்கும், ஓடாமல் இருப்பவர்களில் 10.2 வீதத்தினருக்கும், போட்டிக்காகக் கடுமையாக ஓடும் உயர்மட்ட வீரர்களில் 13.3 வீதத்தினருக்கும் இருந்ததாகக் கண்டார்கள். ஓடுபவர்கள் இயல்பிலேயே எடை குறைந்தவர்களாக இருக்கக்கூடும் என்பதால், ஓட்டம் மூட்டைக் காக்கிறது என்று இதிலிருந்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அளவாக ஓடினால் மூட்டு அழிந்துவிடும் என்ற பேச்சுக்கு இதில் ஆதரவு இல்லை. ஆசிரிய ஓய்வறையில் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் தோட்டக் கரப்பந்தாட்ட அணியில் விளையாடுகிறேன், வயது 24. பாய்ந்து அடிக்கும் இடத்தில் நிற்பவன். சில்லுக்குச் சரியாகக் கீழே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓர் இடத்தில் வலிக்கிறது. தொடங்கும்போது வலித்து, சூடேறியதும் மறைந்து, மறுநாள் காலையில் திரும்ப வருகிறது. போட்டி நாட்களில் டைக்ளோபெனக் மாத்திரை போட்டுக்கொண்டு ஆடுகிறேன். இப்படியே சமாளிக்கலாமா?

பதில்: 1991 இல் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்ட கரப்பந்தாட்டம் நம் தோட்டங்களில் இவ்வளவு வேரூன்றியதற்கு, 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் கொண்ட சமதரை ஒன்று கிடைத்தால் போதும் என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் மலையை வெட்டிச் சமப்படுத்திய அந்தத் தரை வெயில் காலத்தில் கல்லாக இறுகிவிடுகிறது. அதில் ஒரு மாலையில் எத்தனை முறை பாய்ந்து விழுகிறீர்கள் என்று யாரையாவது எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

நீங்கள் விரலால் காட்டும் இடம், சில்லையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் தசைநாண் தொடங்கும் இடம். பாய்ந்து விளையாடுபவர்களுக்கு வரும் தசைநாண் நோய் இது. சூடேறியதும் மறைந்துவிடுவதுதான் இதன் சூழ்ச்சி. குணமாகிவிட்டது என்று நம்பி முழு ஆட்டமும் ஆடிவிடுவோம். முழு ஓய்வும் இதற்கு மருந்தல்ல. ஓய்ந்திருக்கும் தசைநாண் மேலும் வலுவிழக்கும்; மூன்று மாதம் ஓய்ந்துவிட்டுத் திரும்பவும் பாய்ந்தால் மூன்றாம் நாள் அதே வலி வரும். தசைநாண் கேட்பது மெதுவான, கனமான, ஒழுங்கான சுமையை.

முதல் இரண்டு மூன்று கிழமைகளுக்குப் பாய்ச்சலைப் பாதியாகக் குறைத்து, சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்கால்களை ஏறத்தாழ 60 பாகை மடித்து, 45 விநாடி அப்படியே நில்லுங்கள். இரண்டு நிமிடம் இளைப்பாறி, இப்படி ஐந்து முறை. அசையாமல் பிடித்து நிற்கும் இந்தப் பயிற்சி பலருக்கு வலியை உடனடியாக, சற்று நேரத்துக்குத் தணிக்கிறது. ஆட்டத்துக்கு முன்பும் செய்யலாம். பிறகு எடையோடு குந்தி எழும் பயிற்சிக்கு மாறுங்கள். இறங்க மூன்று விநாடி, ஏற மூன்று விநாடி. ஒருநாள் விட்டு ஒருநாள். முதலில் பதினைந்து முறை செய்யக்கூடிய எடையில் தொடங்கி, கிழமைகள் போகப் போக ஆறு முறைக்கு மேல் தூக்க முடியாத எடைக்கு வாருங்கள். ஜிம் இல்லையென்றால், மணல் நிரப்பிய உர மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டும் இதைச் செய்யலாம். குறைந்தது பன்னிரண்டு கிழமைகள்.

மாத்திரையைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். நீங்கள் எவ்வளவு விளையாடலாம் என்று உங்களுக்குச் சொல்லும் ஒரே அளவுகோல் வலிதான். டைக்ளோபெனக் அதை மறைத்துவிடுகிறது. வெறும் வயிற்றில் போட்டால் இரைப்பையைப் புண்ணாக்கும். வியர்த்து நீரிழந்த உடலில் சிறுநீரகத்துக்கும் கெடுதல். காய்ச்சலோடு இருக்கும்போது அதைத் தொடவே வேண்டாம். அது டெங்குக் காய்ச்சலாக இருந்துவிட்டால் டைக்ளோபெனக், இபுபுரூபன், அஸ்பிரின் ஆகியவை இரத்தக் கசிவைத் தூண்டி உயிருக்கே ஆபத்தாக முடியும்.

கேள்வி: மஸ்கெலியாவிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 54 வயது. முப்பது வருடங்களுக்கு மேலாகக் கொழுந்து பறிக்கிறார். இரண்டு முழங்காலிலும் வலி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத் தேய்மானம் என்றார்கள். இந்தப் பருவத்தில் சிவனொளிபாதமலைக்கு ஏறியே தீருவேன் என்கிறார். அசையாமல் இருந்தால்தான் நல்லது என்று அயலவர்கள் சொல்கிறார்கள். முழங்காலுக்குள் குழாய் விட்டுக் கழுவினால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார். வேலையில் நாளெல்லாம் நடக்கிற அம்மாவுக்கு உடற்பயிற்சி என்று தனியாக எதற்கு?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

உங்கள் அம்மா நாளெல்லாம் உழைக்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த உழைப்பு கால்களைச் சோர்வடையச் செய்கிறதே தவிர வலுவாக்குவதில்லை. நெற்றியில் கயிறு, முதுகில் கூடை, இடுப்பில் ஈரப் படங்கு. சரிவில் ஒரு கால் மேலேயும் மறுகால் கீழேயுமாக மணிக்கணக்கில் நின்று, பிறகு பதினெட்டு இருபது கிலோ கொழுந்தோடு நிறுக்கும் இடத்துக்கு இறங்கும்போது, ஏற்கெனவே களைத்துப்போன தொடைத் தசையால் உடலைப் பிடித்து நிறுத்த முடியாமல், அந்தச் சுமை முழுவதும் மூட்டில் இறங்குகிறது. என்னிடம் வரும் கொழுந்து பறிக்கும் பெண்களிடம், கையை மார்போடு கட்டிக்கொண்டு வாங்கிலிருந்து எழுந்து காட்டும்படி கேட்பேன். நாளொன்றுக்குப் பல கிலோமீற்றர் மலையில் நடக்கிற பெண்களில் எத்தனையோ பேர் இரண்டாம் தடவையே கையை ஊன்றிவிடுவார்கள். தசைக்கு வலு ஏற, அது களைக்காத நேரத்தில், கொஞ்ச நேரம், படிப்படியாகக் கூடும் சுமையும் அதன் பிறகு ஓய்வும் வேண்டும். தோட்டத்து வேலை நாளில் இந்த இரண்டும் கிடைப்பதில்லை.

ஆகவே விடுமுறை நாளிலும், கிழமை நாட்களில் இரண்டு மாலைகளிலும், கதிரையிலிருந்து எழுந்து அமரும் பயிற்சியை அம்மா செய்யட்டும். முதலில் தலையணை வைத்து உயர்த்திய கதிரையில் ஐந்து முறை. பிறகு தலையணை இல்லாமல் பத்து முறை. பிறகு இன்னும் தாழ்ந்த வாங்கில். படுக்கையில் காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துவாயை வைத்து அதை அழுத்தி ஐந்து எண்ணுவது, வலி கூடுதலான நாட்களுக்கு உரியது. உடல் எடை அதிகமாக இருந்தால், அதைக் குறைப்பதன் பலன் நான்கு மடங்காக வரும். ஒரு கிலோ குறைந்தால் நடையின் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று முழங்கால் தேய்மானம் உள்ளவர்களிடம் அளந்து 2005 இல் எழுதினார்கள். ரொட்டியும் சீனி கூடிய தேநீருமாகப் பசியாறும் வீடுகளில் எடையைக் குறை என்று சொல்வது எளிது, செய்வது கடினம் என்பதை அறிவேன். தேநீரில் சீனியைப் பாதியாக்குவதிலிருந்து தொடங்கலாம்.

எக்ஸ்ரேயைப் பார்த்து மனம் தளர வேண்டாம். படத்தில் பெரிதாகத் தேய்ந்திருந்தும் வலியில்லாமல் நடப்பவர்களும் உண்டு. படத்தில் சிறிதே தெரிந்தும் வலியால் துன்பப்படுபவர்களும் உண்டு. எலும்பின் நுனியை மூடியிருக்கும் கசியிழையத்துக்கு நேரடி இரத்த ஓட்டம் இல்லை; மூட்டு அசைந்து அழுந்தி விரியும்போதுதான் அதற்கு ஊட்டம் ஊறுகிறது. அசையாமல் இருங்கள் என்ற அயலவர்களின் அறிவுரை அன்பினால் வந்தது, ஆனால் தவறானது.

குழாய் விட்டுக் கழுவும் சிகிச்சை ஒரு காலத்தில் உலகெங்கும் ஏராளமாகச் செய்யப்பட்டது. 2002 இல் அமெரிக்காவில் ஒரு பகுதியினருக்கு உண்மையான சிகிச்சையையும், மற்றவர்களுக்குத் தோலில் மட்டும் கீறித் தைத்த போலிச் சிகிச்சையையும் செய்து ஒப்பிட்டபோது, இரு சாராருக்கும் ஒரே அளவு நிவாரணமே கிடைத்தது. தேய்மானத்தினால் வரும் வலிக்கு இதைச் செய்ய வேண்டாம் என்று 2017 இல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டி உறுதியாகப் பரிந்துரைத்தது. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலியும், சில அடிகளுக்கு மேல் நடக்க முடியாத நிலையும் வந்தால் மூட்டு மாற்றுச் சிகிச்சையைப் பற்றி எலும்பு மருத்துவ நிபுணரிடம் பேசலாம். மலை ஏற ஆசைப்படுகிறவர் அந்த நிலையில் இல்லை.

இனி மலைப் பயணம். நல்லதண்ணிப் பக்கத்திலிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளோடு ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் ஏற வேண்டும். உச்சி 2,243 மீற்றர். பருவம் டிசம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரை நீள்வதால், அம்மா பருவத்தின் பிற்பகுதியைத் தெரிந்தெடுத்தால் பயிற்சிக்கு மூன்று நான்கு மாதங்கள் கிடைக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற்றத்தைப் பற்றியே கவலைப்படுவார்கள். உண்மையில் சோதனை தொடங்குவது சூரிய உதயம் பார்த்த பிறகு. இரவெல்லாம் விழித்திருந்து, குளிரில் விறைத்து, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் எல்லோரும் வேகமாக இறங்குவார்கள். நானும் ஒரு முறை அப்படி இறங்கிவிட்டு, இரண்டு நாட்கள் மலசலகூடத்தில் குந்த முடியாமல் தவித்தேன். அதை நோயாளிகளிடம் சொல்வதில்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.

அம்மா இரு கையிலும் கைத்தடி வைத்துக்கொள்ளட்டும். இறங்கும்போது தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, சுமையில் ஒரு பகுதியைக் கைகளுக்குக் கொடுத்த பிறகே காலை வைக்க வேண்டும். ஏறும்போது வலி குறைந்த கால் முன்னே. இறங்கும்போது வலி கூடிய கால் முன்னே. படிக்கு ஒரு கால் என்று இறங்காமல், இரு கால்களையும் ஒரே படியில் சேர்த்துச் சேர்த்து இறங்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு அம்பலத்திலும் அமர்ந்து காலை நீட்டட்டும். அன்றைய தினமே வீடு திரும்பி மறுநாள் காலை பிரட்டுக்கு, அதாவது தோட்டத்து வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, வந்து நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதபடி ஒருநாள் ஓய்வை முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு, 500 படிகளுக்குச் சமமான தூரத்தை ஏறி இறங்கிப் பார்த்து, மறுநாள் காலை வலி கூடாமலிருந்தால் அம்மா ஏறட்டும். கூடினால் இந்த ஆண்டு மலைப்பாதையிலுள்ள சீத கங்குல ஓடை வரை போய், அந்தக் குளிர்ந்த நீரில் முகம் கழுவிக்கொண்டு திரும்பலாம்.

கேள்வி: பதுளையில் உயர்தரம் படிக்கிறேன், வலைப்பந்தாட்ட அணியில் இருக்கிறேன். மூன்று கிழமைகளுக்கு முன் பந்தைப் பிடித்துக்கொண்டு தரையில் இறங்கியபோது முழங்காலுக்குள் ‘டப்’ என்று சத்தம் கேட்டது. இரண்டு மணி நேரத்தில் வீங்கிவிட்டது. எண்ணெய் போட்டு உருவினார்கள். வீக்கம் வற்றிவிட்டது; ஆனால் திரும்பும்போது கால் நழுவுவது போல இருக்கிறது. அடுத்த மாதம் போட்டி. முழங்கால் உறை போட்டுக்கொண்டு ஆடலாமா?

பதில்: ஆடக் கூடாது, தங்கச்சி. அடுத்த மாதமும் ஆடக் கூடாது, பரிசோதிக்கும் வரை பயிற்சிக்கும் போகக் கூடாது.

சத்தம், ஓரிரு மணி நேரத்துக்குள் வீக்கம், பிறகு கால் நழுவுதல் ஆகிய மூன்றும் சேர்ந்தால், முழங்காலின் நடுவில் குறுக்காக ஓடும் முன் இணைப்பு நார் அறுந்திருக்கலாம் என்றே முதலில் எண்ண வேண்டும். அவ்வளவு விரைவாக வந்த வீக்கம் பெரும்பாலும் உள்ளே கசிந்த இரத்தம். அதை உருவிக் கலைக்கப் பார்ப்பது நல்லதல்ல. வீக்கம் வற்றியது குணமானதன் அறிகுறியும் அல்ல. வீட்டாரோடு அரசாங்க வைத்தியசாலையின் எலும்பு மருத்துவக் கிளினிக்குக்குப் போய், நீங்கள் இங்கே எழுதியதை அப்படியே சொல்லுங்கள், தேவையென்றால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். நழுவும் முழங்காலோடு ஆடினால், எலும்புகளுக்கு இடையிலுள்ள பிறை வடிவக் குருத்தும் கிழியலாம். பின்னாளில் தேய்மானத்துக்கு அதுவே வழி.

நார் அறுந்திருந்தாலும் எல்லோருக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படுவதில்லை. சிலருக்குப் பயிற்சியே போதும். சிகிச்சை செய்தால், திரும்பக் களத்துக்கு வர ஒன்பது மாதங்களாவது பொறுக்க வேண்டும். அதற்கு முன் திரும்புகிறவர்களுக்கு மீண்டும் காயம் ஏற்படும் அபாயம் மிகக் கூடுதல்.

உங்கள் பயிற்றுநருக்கும் ஒரு வார்த்தை. வலைப்பந்தாட்டத்தில் பந்தைப் பிடித்தவர் ஓட முடியாது. பாய்ந்து பிடித்து உடனே நிற்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இந்தக் காயம் ஆண் பிள்ளைகளைவிட அதிகம் வருகிறது. முழங்காலை மடித்து, இரு பாதங்களிலும் மெதுவாக, சத்தமில்லாமல் இறங்கக் கற்றுக்கொடுக்கும் பத்துப் பதினைந்து நிமிடப் பயிற்சியைக் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை செய்தால் இந்தக் காயங்களில் கணிசமானவை வராமலே தடுக்கலாம். அடிபட்டவர் நான்கு அடிகூட ஊன்றி நடக்க முடியாவிட்டால், அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது, உதைபந்தாட்டப் பைத்தியம். முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து, தொட்டால் வலிக்கிறது என்கிறான். புற்றுநோயோ என்று பயமாக இருக்கிறது. – ஒரு தந்தை, ஹப்புத்தளை

பதில்: வளரும் வயதில் எலும்பு முந்தி வளர, தசை பின்தங்கி இறுகி, தசைநாண் எலும்போடு சேருமிடத்தை இழுப்பதால் வரும் புடைப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 1903 இல் ஒரே ஆண்டில் இதைத் தனித்தனியாக விவரித்த ஒஸ்கூட், ஷ்லாட்டர் என்ற இரு மருத்துவர்களின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. வளர்ச்சி முடியும்போது வலி நின்றுவிடும். புடைப்பு மட்டும் தங்கலாம். விளையாட்டை நிறுத்தி மகனை அழ வைக்காதீர்கள். வலி கூடிய கிழமைகளில் ஆட்ட நேரத்தைப் பாதியாக்கி, முன்தொடையை மெதுவாக நீட்டும் பயிற்சியைச் செய்யச் சொல்லுங்கள். ஆனால் இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காய்ச்சல், எடை குறைதல், ஒரு பக்கத்தில் மட்டும் வளர்ந்துகொண்டே போகும் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். இடுப்பு மூட்டில் உள்ள கோளாறும் பிள்ளைகளுக்கு முழங்காலில் வலியாகத் தெரிவதுண்டு. மகன் நொண்டி நடந்தால் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பண்டாரவளையில் ஜிம்முக்குப் போகிறேன். குந்தி எழும்போது முழங்கால் கால்விரலைத் தாண்டக் கூடாது என்று பயிற்றுநர் கண்டிக்கிறார். முழங்காலில் ‘டக் டக்’ என்று சத்தமும் வருகிறது.

பதில்: வலியும் வீக்கமும் இல்லாத சத்தத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். விரலைத் தாண்டக் கூடாது என்ற விதியை 2003 இல் சோதித்துப் பார்த்தார்கள்: முழங்காலை முன்னே போகவிடாமல் தடுத்தபோது முழங்காலின் சுமை சற்றுக் குறைந்தது உண்மை, ஆனால் உடம்பு முன்னால் சாய்ந்து, இடுப்பின் மேல் விழும் சுமை பல மடங்கு கூடிவிட்டது. நாம் படி இறங்கும்போது முழங்கால் விரலைத் தாண்டாமல் இறங்க முடியுமா என்று அடுத்த முறை குனிந்து பாருங்கள். வலி இருக்கும் காலத்தில் பாதி ஆழம் வரை குந்துங்கள், எடையைக் குறையுங்கள். வலி தணியத் தணிய ஆழத்தையும் எடையையும் தனித்தனியாகக் கூட்டுங்கள், இரண்டையும் ஒரே கிழமையில் கூட்ட வேண்டாம்.

கேள்வி: முழங்கால் வலிக்கு ஐஸ் வைப்பதா, சூட்டு ஒத்தடம் கொடுப்பதா? நுவரெலியாக் குளிரில் ஐஸ் என்றாலே நடுங்குகிறது.

பதில்: அடிபட்ட முதல் ஓரிரு நாட்களில், வீங்கிச் சூடாக இருக்கும் முழங்காலுக்கு, துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம் வலியைக் குறைக்கும், அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். அடிபட்டால் ஓய்வும் ஐஸும் என்ற சூத்திரத்தை 1978 இல் எழுதிப் பரப்பிய அமெரிக்க வைத்தியர் மேர்க்கினே, பிற்காலத்தில் ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார். நாட்பட்ட, வீக்கமில்லாத, காலையில் விறைத்திருக்கும் மூட்டுக்குச் சூட்டு ஒத்தடமே இதம். நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் துவாயை நனைத்துப் பிழிந்து வைக்கும் பாட்டியின் முறையில் குறை காண ஒன்றுமில்லை. சூடு தோலைச் சுடாமல் இருந்தால் சரி, நீரிழிவு உள்ளவர்கள் முதலில் கையால் சோதித்துப் பார்க்க வேண்டும். நுவரெலியாவில் காலையில் ஓடுகிறவர்கள், கிரகரி வாவியை அடையும் வரை நீளக் காற்சட்டையோடு பத்து நிமிடம் நடந்து, முழங்காலைக் கையால் தொட்டுப் பார்த்து, அது சூடேறிய பிறகே ஓடத் தொடங்கட்டும்.